ஓடுதளம் உண்டு, ஒரு பேரல் பெட்ரோல் இல்லை
சிறு விமானத்துக்கு மலிவான எரிபொருளும் நிலையச் சேவையும்: கள்ளக்குறிச்சி வட்டாரத்திலிருந்து ஓர் ஆய்வு

எலவனாசூர்கோட்டையில் கார் வைத்திருப்பவருக்கு எரிபொருள் ஒரு கவலையே இல்லை. உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பங்க் இருக்கிறது. விலை மீட்டரிலேயே தெரியும். லாரிக்காரருக்கும் டிராக்டர்காரருக்கும் அங்கே ஒரே விலைதான். சொந்தமாகச் சிறு விமானம் ஓட்டுபவருக்கு இதே வட்டாரத்தில் நிலைமை தலைகீழ். கிழக்கே உளுந்தூர்பேட்டை அருகே இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அங்கே இறங்க முடியும் என்றே வைத்துக்கொண்டாலும், திரும்பிப் பறக்க ஒரு லிட்டர் எரிபொருள் கிடைக்காது. எங்கே கிடைக்கும், என்ன விலைக்கு, யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்த பலகையும் எங்கும் கிடையாது.

தனியார் விமானி ஒருவர் கட்டுப்படியாகும் விலையில் எரிபொருளையும் விமான நிலையச் சேவைகளையும் பெற என்ன வழி? இந்தக் கேள்வியைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நின்று பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2019 நவம்பரில் உருவான இந்த மாவட்டத்தில் இயங்கும் விமான நிலையம் எதுவும் இல்லை. ஆனால் சேலம், புதுச்சேரி, நெய்வேலி, திருச்சி, சென்னை ஆகிய ஐந்தும் சிறு விமானத்தின் ஒரு மணி நேரப் பறப்புக்குள் அடங்குகின்றன. வசதிகள் சுற்றிலும் இருந்தும் கைக்கு எட்டாமல் போவது எதனால் என்பதை இங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். கட்டுரையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லிட்டருக்கு எத்தனை ரூபாய் என்பது இந்தக் கணக்கில் இரண்டாம் வரிதான். முதல் வரி, எரிபொருள் இருக்கும் இடத்துக்குப் போய் வரும் செலவு. அந்தச் செலவைக் குறைக்கக்கூடியது பயிற்சிப் பள்ளி ஒன்றுதான்.

கேள்வி யாருடையது?

இந்தியாவில் தனியார் விமானி உரிமம் பெறப் பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம். நம் நாட்டில் முதல் உரிமத்தோடு நின்றுவிடுபவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோருக்கு அது அடுத்த உரிமத்துக்கான படி. ஆகவே ‘தனியார் விமானியின் எரிபொருள் செலவு’ என்பது பணக்காரர் பொழுதுபோக்கின் கணக்கு மட்டும் ஆகாது. சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ நிலத்தை அடமானம் வைத்து மகளைப் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பம் கட்டும் மணிக்கணக்குக் கட்டணத்திலும் இதே எரிபொருள்தான் ஒளிந்திருக்கிறது.

சிறு விமானமும் எரிபொருள் பஞ்சமும் சேர்ந்தே பிறந்தவை. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தபோது, இடையில் அகமதாபாத்தில் பர்மா ஷெல் நிறுவனத்தின் பெட்ரோல் மாட்டு வண்டியில்தான் வந்து சேர்ந்தது. தபாலின் அடுத்த கட்டத்தை நெவில் வின்சென்ட் சென்னை வரை கொண்டு வந்தார். விமானம் வருமுன் எரிபொருள் அங்கே காத்திருக்க ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார் என்பதே அந்தப் பயணத்தின் பாதி வெற்றி. இன்றைக்கும் சிறு விமானம் பறப்பது அந்த ஏற்பாட்டை நம்பித்தான்.

இரண்டு வகை எரிபொருள்

விமான எரிபொருள் என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு வெவ்வேறு சரக்குகள் உண்டு. பயணிகள் ஜெட்டும் ஏடிஆர் போன்ற டர்போபிராப் விமானமும் குடிப்பது ஏடிஎஃப், மண்ணெண்ணெய் இனம். செஸ்னா 172 போன்ற பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்குத் தேவை ஏவ்காஸ் 100எல்எல். உயர் ஆக்டேன் பெட்ரோல் இனம், சிறிதளவு ஈயம் கலந்தது, அடையாளத்துக்காக நீல நிறம் ஏற்றியது. ஏவ்காஸுக்குப் பதில் ஏடிஎஃப்பை ஊற்றினால் பிஸ்டன் எஞ்சின் வானத்திலேயே நின்றுவிடக்கூடும். நிறமும் குழாய்முனையின் வடிவமும் வேறுபடுத்தி வைக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

ஏடிஎஃப் இல்லாமல் விமானச் சேவை இல்லை. அதனால் பயணிகள் விமானம் வரும் நிலையங்களில் அது பெரும்பாலும் கிடைத்துவிடும். அதன் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதந்தோறும் முதல் தேதியில் மாற்றி அறிவிக்கின்றன. டெல்லி, கொல்கத்தா, மும்பை, சென்னை விலைகள் நாளிதழ்களிலும் வருகின்றன. ஏவ்காஸ் அந்தச் செய்திகளில் இடம்பெறுவதில்லை. அதற்கான சந்தை அவ்வளவு சிறியது. நெடுங்காலம் அது வெளிநாட்டிலிருந்து பேரல்களில் வந்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் வடோதராவில் உள்ள தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த ஏவ்காஸை ஹிண்டன் விமானப்படைத் தளத்தில் அறிமுகம் செய்தது. 2023 தொடக்கத்தில் பப்புவா நியூ கினிக்கு முதல் ஏற்றுமதியும் போனது: 80 பேரல், 16 கிலோலிட்டர். பேரலுக்கு 200 லிட்டர். உலக அளவில் இந்தச் சரக்கு எவ்வளவு சிறிய அளவில் கைமாறுகிறது என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. ஒரு நாட்டுக்கான ஏற்றுமதி, நெடுஞ்சாலையில் ஓடும் ஒரே டேங்கர் லாரியில் ஏறக்குறைய அடங்கிவிடும்.

உள்நாட்டிலேயே தயாராவதால் கப்பலுக்குக் காத்திருக்கும் தொல்லை நீங்கியது. ஆனால் வடோதராவிலிருந்து பேரல் எங்கே போய் இறங்குகிறது என்பதே சிறு விமானிக்கு முக்கியம். அது பெரும்பாலும் பயிற்சிப் பள்ளிகளும் பறக்கும் சங்கங்களும் உள்ள இடங்களுக்கே போகிறது. மாதந்தோறும் வாங்குபவர் இல்லாத ஊருக்கு யாரும் சரக்கு அனுப்பி வைப்பதில்லை.

தூரமே விலை

உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தில் ஒரு செஸ்னா 172 நிற்கிறது என்று கற்பனை செய்வோம். அங்கிருந்து வான்வழியில் நெய்வேலி சுமார் 30 கிலோமீட்டர், புதுச்சேரி 65, திருச்சி 120, சேலம் விமான நிலையம் 130, சென்னை 170. விமானத்தின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் என்றும், எரிபொருள் மணிக்கு 33 லிட்டர் என்றும் கொள்வோம்.

ஏவ்காஸ் சேலத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். தரையில் ஓடுவதையும் மேலேறுவதையும் சேர்த்தால் ஐம்பது லிட்டர் கரையும். இந்த விமானத்தின் தொட்டியில் பயன்படுத்தத்தக்க எரிபொருள் ஏறக்குறைய 200 லிட்டர். ஆக, தொட்டி நிறைய வாங்கி வந்தாலும் நான்கில் ஒரு பங்கு வாங்கப் போய்வந்ததற்கே செலவாகிவிட்டது. லிட்டர் விலை எதுவாக இருந்தாலும், வீட்டுக்கு வந்து சேரும்போது அதன் அடக்கவிலை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. எஞ்சினின் ஓடிய மணிகளும் அதன் பராமரிப்புச் செலவும் இதில் சேரவில்லை. புதுச்சேரி என்றால் போய்வரும் செலவு ஏறக்குறைய பாதி.

பாதையும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. உளுந்தூர்பேட்டையிலிருந்து மேற்கே போகும் விமானி பெரும்பாலும் நெடுஞ்சாலையையே பிடித்துப் போவார். எலவனாசூர்கோட்டை, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் என்று வடக்கே கல்வராயன் மலைக்கும் தெற்கே பச்சைமலைக்கும் நடுவிலான இடைவெளி அது. கல்வராயன் மலையின் உயரமான பகுதிகள் 1,200 மீட்டரை ஒட்டி நிற்கும். அதைத் தாண்டினால் சேர்வராயன் 1,600 மீட்டரைத் தொடும். சேலம் விமான நிலையம் அதற்கும் மேற்கே ஓமலூர்ப் பக்கம் கமலாபுரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மலையில் படுத்துக்கொண்டால், கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானி சுற்றிப் போக வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும். கிழக்கே புதுச்சேரிக்குப் போகும் பாதையில் மலை குறுக்கிடாது. மழைக்காலத்தில் ‘மலிவான நிலையம்’ எது என்பதை வானிலையே பல நாள் தீர்மானித்துவிடும்.

மலிவான இடத்தில் கூடுதலாக நிரப்பிக்கொண்டு வருவதற்கும் வரம்பு உண்டு. 200 லிட்டர் ஏவ்காஸின் எடை சுமார் 145 கிலோ. தொட்டி நிரம்பிய செஸ்னாவில் நான்கு இருக்கை இருந்தாலும் நான்கு பெரியவர்களை ஏற்ற முடியாது. சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் எழும்ப நீண்ட ஓட்டம் தேவைப்படும். அப்போது எடைக்கான வரம்பு இன்னும் இறுகும். பெரிய விமானங்களும் இதே கணக்கைப் போடுகின்றன. 2022-இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, கொழும்பிலிருந்து கிளம்பிய நெடுந்தூர விமானங்கள் திருவனந்தபுரம், கொச்சி, சென்னையில் இறங்கி ஏடிஎஃப் நிரப்பிக்கொண்டு போயின. எரிபொருள் இல்லாத நிலையம், எவ்வளவு பெரிதானாலும், பயணத்தைப் பக்கத்து ஊருக்குத் திருப்பிவிடுகிறது.

சலுகை யாருக்கு?

வரி விஷயத்துக்கு வருவோம். பெட்ரோல், டீசல் போலவே ஏடிஎஃப்பும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. மத்திய அரசின் கலால் வரி ஒரு பக்கம், மாநில மதிப்புக் கூட்டு வரி மறு பக்கம். 2021, 2022 ஆண்டுகளில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் கேட்டுக்கொண்டதை ஏற்றுப் பல மாநிலங்கள் தங்கள் வரியை ஒற்றை இலக்கத்துக்குக் குறைத்தன. தமிழ்நாட்டில் அப்போது அது 29 சதவீதமாகவே நின்றது.

ஆனால் அந்த 29 சதவீதம் எல்லோருக்கும் இல்லை. மத்திய விற்பனை வரிச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு ‘அறிவிக்கப்பட்ட பொருள்கள்’ என ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பொருள்களுக்கு மாநிலம் 5 சதவீதத்துக்கு மேல் வரி போட முடியாது. 40,000 கிலோவுக்குக் குறைவான விமானத்துக்கு விற்கப்படும் ஏடிஎஃப் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அந்த விமானத்தை அட்டவணைப்படி பறக்கும் விமான நிறுவனம் இயக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் பறக்கும் சேவைக்கு இன்னும் குறைவு: மாநில வரி 1 சதவீதம், கலால் 2 சதவீதம்.

இறங்கு கட்டணத்திலும் இதே தர்க்கம். இந்திய விமான நிலைய ஆணையத்தின் கட்டண விதிகளில் 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு அட்டவணைச் சேவை விமானத்துக்கு இறங்கு கட்டணம் கிடையாது. ஹெலிகாப்டருக்குக் கிடையாது. அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியின் விமானத்துக்கும் கிடையாது. இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். 23 டன் எடையுள்ள ஏடிஆர் சலுகை பெறுகிறது. பள்ளியின் செஸ்னா சலுகை பெறுகிறது. அதே செஸ்னா, அதே ஒரு டன்னைச் சற்றே தாண்டும் எடையோடு, தனியார் பெயரில் இருந்தால் வெளியே நிற்கிறது. சலுகை விமானத்தின் அளவை மட்டும் பார்க்கவில்லை. அதை யார் இயக்குகிறார் என்பதையே முதலில் பார்க்கிறது.

இதைக் குறையாகச் சொல்லலாம். ஆனால் இதற்குள்ளேயே வழியும் இருக்கிறது. தனியாருக்குச் சலுகை கேட்டுப் போராடுவதைவிட, சலுகை ஏற்கெனவே பாயும் பயிற்சிப் பள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே ஒட்டிக்கொள்வது எளிது. உலகின் பல இடங்களில் தனியார் விமானிகள் செய்வது அதுதான். சென்னையில் 1930-களின் தொடக்கத்திலேயே மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் உருவானதும் அந்த வழியில்தான்: விமானம் பொது, பராமரிப்பு பொது, பெட்ரோல் பொது.

தரையில் ஆகும் செலவு

எரிபொருளை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நிலையத்தில் இறங்கியவருக்குச் செலவுகள் காத்திருக்கின்றன. இறங்கு கட்டணம் பெரும்பாலும் எடையைப் பொறுத்தது என்பதால் ஒரு டன் விமானத்துக்கு அது பெரிய தொகை ஆகாது. குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருக்கும் பெரிய நிலையங்களில்தான் உறைக்கும். ஆணையத்தின் நிலையங்களில் நிறுத்துவதற்கு முதல் இரண்டு மணி நேரம் கட்டணம் இல்லை என்பது வழக்கம். வழிகாட்டல் சேவைக்கான கட்டணங்கள் தனி.

உண்மையில் பையைக் காலி செய்வது தரைச் சேவை. சென்னை போன்ற நிலையத்தில் விமானி தானே இறங்கி வாசலுக்கு நடந்து போக முடியாது. அங்கீகரிக்கப்பட்ட தரைச்சேவை நிறுவனம் வழிகாட்ட வேண்டும், வண்டியில் அழைத்துப் போக வேண்டும், பாதுகாப்புச் சோதனைக்கு உடன் வர வேண்டும். இந்தச் சேவைகள் தொழிலதிபர்களின் ஜெட் விமானத்தை மனத்தில் வைத்து விலை போடப்பட்டவை. இரண்டு இருக்கை விமானத்தில் வந்தவரும் அந்தப் பந்தியில்தான் உட்கார வேண்டும். சிறிய நிலையங்களில் இந்தச் சுமை குறைவு. ஆனால் அங்கே வேறொரு செலவு முளைக்கிறது. நிலையத்தின் வேலை நேரம் பயணிகள் விமானத்தின் வருகையை ஒட்டியே அமைந்திருக்கும். அதற்கு வெளியே வர வேண்டுமென்றால் நேர நீட்டிப்புக்கு விண்ணப்பமும் கட்டணமும் உண்டு.

இதோடு நடைமுறையும் சேர்கிறது. சாதாரணப் பறப்புக்கும் பறப்புத் திட்டம் தாக்கல் செய்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணையும் சென்னையில் உள்ள பறப்புத் தகவல் மையத்தின் எண்ணையும் வாங்க வேண்டும். கண்பார்வைப் பறப்பு சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எரிபொருள் வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் அன்றைய பயணமே போயிற்று. அறை வாடகையும் மறுநாள் நிறுத்தக் கட்டணமும் சேரும். தாமதத்தின் விலை எந்தப் பில்லிலும் தனி வரியாக வருவதில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் இறங்கிய எவருக்கும் அது தெரியும்.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் கிளம்புமுன் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. இன்று கையிருப்பில் எத்தனை லிட்டர்? யார் ஊற்றுவார், எத்தனை மணி வரை? முன்பணமா, அங்கேயே கட்டலாமா? தரைச்சேவை கட்டாயமா, மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் தருவார்களா? இந்தப் பதில்களைக் கையில் வாங்காமல் கிளம்புவது, பணம் மிச்சமா இல்லையா என்பதைத் தாண்டி, பாதுகாப்பு விஷயமும் கூட.

பங்க் பெட்ரோல் ஊற்றினால்?

இங்கே எழும் இயல்பான கேள்வி, பக்கத்து பங்க்கில் வாங்கி ஊற்றினால் என்ன என்பது. சில விமானங்களுக்கு இது அனுமதிக்கப்பட்ட வழிதான். இலகுரக விமானங்களில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் 912 வகை எஞ்சின்கள் ஈயமில்லாத கார் பெட்ரோலில் ஓடும்படி உருவானவை. மணிக்குப் பதினைந்து முதல் இருபது லிட்டர்தான் குடிக்கும். தனியார் விமானிக்கு இதைவிட மலிவான பாதை கிடையாது.

ஆனால் அந்த எஞ்சினின் தயாரிப்பாளர் ஏற்கும் எத்தனால் அளவு 10 சதவீதம் வரை. நம் பங்க்குகளில் 2023 முதல் படிப்படியாக வந்து 2025-இல் நாடெங்கும் பரவியது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சில ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை ஊற வைக்கும். வெப்பத்தில் குழாய்க்குள் ஆவிக்குமிழி உருவாகும் ஆபத்தையும் கூட்டும். தரையில் வண்டி நின்றால் ஓரமாகத் தள்ளிவிடலாம். கல்வராயன் மலைக்கு மேல் எஞ்சின் நின்றால் அந்த வசதி கிடையாது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள கரும்பு மாவட்டம் இது. எத்தனால் கொள்கை இங்குள்ள விவசாயிக்குத் தரும் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் ஒரு பக்கவிளைவாக, மலிவாக இருந்த ஒரே எரிபொருளை இலகு விமானம் இழந்திருக்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டுக் கலப்படம் சோதித்து, எஞ்சின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்த பிறகே இந்த வழியில் இறங்க முடியும்.

இன்னொரு வழி, ஏடிஎஃப்பில் ஓடும் டீசல் வகைப் பிஸ்டன் எஞ்சின். டயமண்ட் டிஏ40, டிஏ42 விமானங்களின் சில மாடல்களில் அது உண்டு. நான்கு இருக்கை டிஏ40 மணிக்கு இருபது லிட்டரை ஒட்டிய அளவில் பறந்துவிடும். ஏவ்காஸைவிட ஏடிஎஃப் எளிதாகக் கிடைக்கும் நாட்டில் இது பெரிய நன்மை. விமானத்தின் விலையும் எஞ்சின் பராமரிப்பும்தான் இதன் மறுபக்கம். ஆண்டுக்குச் சில பத்து மணி நேரம் மட்டும் பறப்பவருக்கு, எரிபொருளில் மிச்சமாகும் பணம் அந்த முதலீட்டை ஈடுகட்டாது.

ஈயத்தின் எதிர்காலமும் இந்தக் கணக்கில் உண்டு. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை 2023 அக்டோபரில், ஈயம் கலந்த விமான பெட்ரோலின் புகை பொதுநலத்துக்கு ஆபத்து என முறைப்படி முடிவு செய்தது. 2030-க்குள் அதை ஒழிப்பது அந்நாட்டின் இலக்கு. அதற்கான ஈயமற்ற மாற்று எரிபொருள் ஒன்றுக்கு அந்நாட்டு விமான நிர்வாகம் 2022-இலேயே ஒப்புதல் கொடுத்தது. இங்கே இனிப் புதிதாக எரிபொருள் வசதி போடுபவர், பத்தாண்டு கழித்து வேறு சரக்குக்கு மாற வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்தே தொட்டி வாங்க வேண்டும்.

மற்ற நாடுகள் எப்படிச் சமாளித்தன?

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கான விமான நிலையங்கள் ஐயாயிரம் அளவில் இருக்கின்றன. பல சிறிய நிலையங்களில் ஆளே இல்லாத பம்ப் ஒன்று நிற்கும். அட்டையைத் தேய்த்து விமானியே நிரப்பிக்கொள்ளலாம். ஆள் வந்து ஊற்றினால் ஒரு விலை, தானே ஊற்றினால் குறைந்த விலை. பெரும்பாலான நிலையங்களின் விலை பொதுவில் பட்டியலாகக் கிடைப்பதால், பயணத் திட்டத்தையே விலையை ஒட்டி வளைத்துக்கொள்பவர்கள் அதிகம். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. ஒரே சேவை நிறுவனம் மட்டும் உள்ள நிலையங்களில் கட்டணம் எகிறியபோது, விமானிகளின் சங்கம் 2017-இல் மூன்று நிலையங்கள் மீது மத்திய விமான நிர்வாகத்திடம் முறையீடு செய்தது. அரசு நிதி வாங்கிய நிலையம் நியாயமான நிபந்தனையில் எல்லோருக்கும் சேவை தர வேண்டும் என்பது அங்கே ஒப்பந்தக் கடமை. அந்த ஒரு வரிதான் விமானிகள் கையிலிருந்த ஆயுதம்.

பிரிட்டனில் வேறு வகைப் பாடம். வானிலை கெட்டு வழிமாறி இறங்கும் சிறு விமானத்திடம் இறங்கு கட்டணம் வாங்குவதில்லை என்று ஏராளமான நிலையங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்காகப் பாடுபட்ட சார்ல்ஸ் ஸ்ட்ராசரின் பெயரிலேயே அந்தத் திட்டம் வழங்குகிறது. கட்டணத்துக்கு அஞ்சி மேகத்துக்குள் நுழையும் விமானியைத் தடுப்பதே நோக்கம். நிலையங்களுக்கு இதனால் இழப்பு அற்பம். நம் நிலையங்களில் இதைச் செய்யப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

உளுந்தூர்பேட்டைக்கு என்ன பொருத்தம்?

1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து, அந்த ஏப்ரலில் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் குண்டுவீசித் தாக்கியது. சென்னை மாகாணத்தில் ஓடுதளங்கள் வரிசையாக எழுந்தது அந்தப் போரின்போதுதான். சோழவரம் பின்னாளில் கார் பந்தயத்துக்குப் பெயர் பெற்றது. செட்டிநாடும் கயத்தாறும் கிடப்பில் கிடந்தன. உளுந்தூர்பேட்டையும் அந்த வரிசையில் வந்ததுதான். அண்டை நெய்வேலியில் ஒரு காலத்தில் வாயுதூத் என்ற விமான நிறுவனத்தின் பயணிகள் விமானம் வந்து போனது. பிறகு உடான் திட்டத்தில் அதன் பெயர் அடிபட்டது. சேலமோ 1993-இல் திறந்து, சேவை நின்று, 2018 மார்ச்சில் உடானால் உயிர்பெற்று, மறுபடி நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. பயணிகள் சேவையை மட்டும் நம்பிய சிறு நிலையத்தின் ஜாதகம் இது: மானியம் உள்ளவரை விமானம், விமானம் உள்ளவரை எரிபொருள்.

பயிற்சிப் பள்ளி அப்படி இல்லை. அது நாள்தோறும் பறக்கும், வாரந்தோறும் பேரல் வாங்கும், மெக்கானிக் வைத்திருக்கும். 2020-இல் மத்திய அரசு பயிற்சிப் பள்ளிகள் நிலைய ஆணையத்துக்குக் கட்டிவந்த ராயல்டியை நீக்கி நில வாடகையையும் சீரமைத்தது. 2022-இல் இரண்டாம் சுற்றாகப் பள்ளி அமைக்கத் தேர்வான ஐந்து நிலையங்களில் சேலமும் ஒன்று. மற்றவை பாவ்நகர், ஹுப்பள்ளி, கடப்பா, கிஷன்கர். இந்தப் பக்கத்துத் தனியார் விமானிக்கு மலிவு எங்கே என்று ஒரே சொல்லில் கேட்டால், பள்ளி இருக்கும் நிலையத்தைத்தான் காட்ட வேண்டும்.

அப்படியானால் உளுந்தூர்பேட்டையில் ஒரு பள்ளி வரலாமா? நிலம் சமதளம்; மலை எட்டி நிற்கிறது; திருச்சி–சென்னை நெடுஞ்சாலையும் சேலம் நெடுஞ்சாலையும் கூடும் இடமாதலால் டேங்கர் வருவதில் சிக்கல் இல்லை. ஓடுதளத்தைச் சீர்செய்து வேலி போடும் செலவும் உரிமைச் சிக்கலும் எதிர்ப்பக்கம். வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் சேவைக்குத் தேவையான முழு நிலைய உரிமத்தின் சுமை, பயிற்சித் தளத்துக்கு அதே அளவில் இல்லை என்பது ஒரு சாதகம்.

எரிபொருளைச் சேமிப்பதற்கான சட்டமும் கவனிக்கத்தக்கது. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி எளிதில் தீப்பற்றும் ‘ஏ’ வகுப்புச் சரக்கை, விற்பனைக்கு இல்லாமல், உரிமமின்றி வைத்திருக்கலாம் என்றால் 30 லிட்டர் வரைதான். ஏவ்காஸ் இந்த வகுப்பு. ஆகவே ஒரே ஒரு பேரல் வைக்கவும் உரிமம் வேண்டும். ‘பி’ வகுப்பில் அடங்கும் ஏடிஎஃப்புக்கு, ஒவ்வொரு கலனும் ஆயிரம் லிட்டருக்குள் இருந்தால், வரம்பு 2,500 லிட்டர். தனி ஆள் ஒருவர் பேரல் வைத்துச் சமாளிப்பது கடினம், பள்ளியோ சங்கமோ உரிமம் எடுப்பது இயல்பு என்பதை இந்தச் சட்டமே சொல்லாமல் சொல்கிறது. உரிமத்தோடு ஒழுக்கமும் வேண்டும். பேரலைப் படுக்கவைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மேல்மூடியில் தேங்கும் மழைநீர், இரவில் பேரல் குளிரும்போது உள்ளே உறிஞ்சப்படும். ஊற்றுமுன் விமானத்தையும் பேரலையும் பம்பையும் மின்கம்பியால் இணைத்துத் தரையோடு சேர்க்க வேண்டும். வடிகட்டி இல்லாத கைப்பம்பைத் தொடவே கூடாது. நிரப்பிய பின் தொட்டியின் அடியிலிருந்து சிறிது வடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய முதலீடு கேட்பவை அல்ல. முதலாவது, பள்ளிக்கு அனுமதி தரும்போதே, அதன் எரிபொருளையும் நிறுத்துமிடத்தையும் வெளி விமானிக்கும் அறிவித்த விலையில் தர வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது. அமெரிக்க விமானிகள் கையில் இருந்தது அந்த வரிதான். இரண்டாவது, எந்த நிலையத்தில் ஏவ்காஸ் உண்டு, எத்தனை மணி வரை, என்ன விலை என்பதை ஏடிஎஃப் விலையைப் போல மாதம் ஒருமுறை வெளியிடுவது. மூன்றாவது, இரண்டு டன்னுக்குக் கீழான விமானத்துக்கு, இயக்குபவர் யாரானாலும், அட்டவணைச் சேவைக்குத் தரும் அதே வரியும் இறங்கு கட்டண விலக்கும் தருவது. அந்த எடை வகுப்பில் விற்பனை மிகக் குறைவு என்பதால் கருவூலத்துக்கு இழப்பும் சொற்பமே.

இந்த மூன்றில் முதலாவது நடந்தால் மற்ற இரண்டும் பின்னால் வந்து சேரும். விற்கும் இடம் ஒன்று இருந்தால்தான் விலை வெளியே வரும். விலை வெளியே வந்தால்தான் வரியைப் பற்றிப் பேச ஆதாரம் கிடைக்கும். ஓடுதளம் போடுவதைப் பெருமையாகப் பேசும் திட்டங்கள் இந்த வட்டாரத்தில் பலமுறை வந்து போயிருக்கின்றன. அடுத்த முறை எவரேனும் உளுந்தூர்பேட்டைக்குத் திட்டத்தோடு வந்தால், ரன்வே எத்தனை மீட்டர் என்பதற்கு முன்பாகக் கேட்க வேண்டியது வேறொன்று: பெட்ரோல் யார் வைத்திருப்பார், அதை யாருக்கெல்லாம் விற்பார்?